கதவைச் சாத்தியவர்

ஜூன் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அண்ணியும் சின்னவளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? முழங்காலில் நிற்பதைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகும் என்று எழுத வந்தேன். அண்ணி படித்தால் கோபித்துக்கொள்வார் என்பதால் எழுதவில்லை.

அண்ணி போட்ட சட்டப்படி இதைத் தபாலில் அனுப்புகிறேன். போனில் உடம்பு, மழை, வேலை மட்டும். கடவுள் கடிதத்தில் மட்டும். போன முறை நாம் போட்ட சத்தத்தில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கோ உயிர் போய்விட்டது என்று ஓடிவந்தாராமே. அவரிடம் என் மன்னிப்பைச் சொல்.

விஷயம் இதுதான். சின்னவள் எனக்கு ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். உன் ஞாயிறு வகுப்பில் நோவாவின் பேழையை வரையச் சொன்னார்களாம். ஒரு குடும்பத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு உன் கடவுள் மற்ற எல்லோரையும் வெள்ளத்தில் மூழ்கடித்தாரே, அந்தக் கப்பல். பேழை இருக்கிறது. ஜன்னலில் ஒட்டகச்சிவிங்கி எட்டிப் பார்க்கிறது. தண்ணீருக்கு வெளியே வரிசையாகக் கைகள். "டீச்சர் கையை அழிக்கச் சொன்னாங்க அத்தை, நான் அழிக்கல" என்று பின்னால் எழுதியிருக்கிறாள். நான் அதை என் மேசைக்கு மேலே ஒட்டிவிட்டேன்.

அண்ணா, நான் அணையில் வேலை செய்கிறவள். ஒரு வீட்டுக்குள் தண்ணீர் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். அது கோபமாக வராது. முதலில் வாசல்படியை நனைத்துவிட்டு நிற்கும். பிறகு பாயின் ஓரத்தைத் தூக்கும். பிறகு தொட்டிலின் கீழே வரும். தொட்டிலில் கிடந்தது என்ன பாவம் செய்தது? ஒரு மனிதன் இதைச் செய்தால் அவனை என்ன பெயர் சொல்லி அழைப்போம்? அதையே உன் புத்தகத்தில் ஒருவர் செய்தால் ஏன் பாட்டுப் பாடுகிறோம்?

நிதானமாகப் பதில் எழுது. மாத்திரையை நேரத்துக்குப் போடு.

உன் தங்கை

---

ஜூன் 21

அன்புள்ள சண்டைக்கோழிக்கு,

கிருபையும் சமாதானமும் உன்னோடு இருப்பதாக. வேண்டாமென்றால் அணைச்சுவர் மேல் வைத்துவிடு, காக்கை கொத்திக்கொண்டு போகட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். முட்டி அப்படியேதான் இருக்கிறது. அதை நீ கேட்டதே போதும்.

படத்தைப் பற்றி டீச்சர் என்னிடம் புகார் சொன்னார். நான் சின்னவளைக் கண்டிக்கவில்லை. கைகள் அங்கே இருந்திருக்கத்தான் வேண்டும்.

உனக்கு இங்கே ஒரு கூட்டாளி இருக்கிறார், தெரியுமா? ஆலயத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருப்பவர். கடவுள் இல்லை என்பதில் உன்னைவிட உறுதியானவர். ஞாயிறு மாலை ஆராதனை முடிந்து எல்லோரும் போனபிறகு, கழுத்தில் அளவு நாடாவோடு வந்து வாசல்படியில் உட்காருவார். உள்ளே மட்டும் வரமாட்டார். "உள்ள வந்தா நீங்க ஜெயிச்சதா ஆயிடும் பாஸ்டர்" என்பார். நான் உள்ளே நாற்காலி போட்டுக்கொள்வேன், அவர் படியில். நடுவில் வாசல். இப்படியே பல வருடங்களாகச் சண்டை போடுகிறோம்.

போன வாரம் இதே நோவாதான்.

"பாஸ்டர், உங்க துணியில கறை பட்டா என்ன செய்வீங்க?"

"வெளுக்கப் போடுவேன்."

"போகலன்னா?"

"கறை பட்ட இடத்த வெட்டி எடுத்துடுவேன்."

"உங்க ஆளு கடையையே கொளுத்திட்டாரே!"

"மாதிரிக்கு ஒரு துண்டு எடுத்து வச்சாரே, அதச் சொல்ல மாட்டீங்களா?"

"அதத்தான் கேக்குறேன். அந்தத் துண்டுலயும் அதே கறைதான இருந்துச்சு? தண்ணி வடிஞ்சதும் நோவா குடிச்சிட்டு விழுந்து கெடந்தாரு. அப்ப கொளுத்துனது எதுக்கு?"

நான் சிரித்துவிட்டேன். பைகளை எடுக்கத் திரும்பி வந்த சபையார் இரண்டு பேர் சிரிக்கவில்லை.

பதில் என்னிடம் முழுதாக இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். பேழையைச் செய்து முடிக்கும்வரை அவர் பொறுத்திருந்தார். அத்தனை வருடமும் சுத்தியல் சத்தம் ஊருக்கே கேட்டிருக்கும். இன்னொன்று, மனிதனைப் படைத்ததற்காக அவர் மனம் நொந்தார் என்று அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. கொடுங்கோலர்கள் நொந்துகொள்வதில்லை.

எங்கள் ஆலயக் கதவு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? தானியக் கிடங்காக இருந்த காலத்துக் கதவு, ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு. வெளிப்பக்கம் திறந்து, சுவரில் கொக்கி மாட்டி நிற்கிறது. நான் வந்த நாளிலிருந்து அதைச் சாத்தியதில்லை. இரவில் உள்ளே இருக்கும் கம்பிக் கதவைப் பூட்டுவதோடு சரி. "சாத்தாத கதவு" என்றுதான் ஊரில் எங்கள் சபைக்குப் பெயர். வா, ஒருநாள்.

ஜெபத்துடன்,
அண்ணன்

---

ஜூலை 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அண்ணிக்கு இருமல் என்று போனில் சொன்னாய். வெந்நீர் குடிக்கச் சொல்.

உன் தையல்காரரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இனிமேல் உன் கடிதத்தில் பாதி அவருக்கு.

சுத்தியல் சத்தம் ஒரு எச்சரிக்கையா அண்ணா? நாங்கள் ஷட்டரைத் திறக்கும் முன் சைரன் ஊத வேண்டும். ஆற்றோரம் நெடுக ஒலிபெருக்கிக் கம்பங்கள் நிற்கின்றன. உங்கள் தெருமுனையில் நிற்பதுதான் கடைசிக் கம்பம். எந்தத் தெரு, எங்கே ஏற வேண்டும், எல்லாம் அதில் சொல்லியாக வேண்டும். மனிதர்கள் எங்களுக்கே இந்தச் சட்டம் இருக்கிறது. எங்கோ ஒருவர் மரம் அறுக்கிறார், அதைப் பார்த்து நீயே புரிந்துகொள் என்று நாங்கள் சொல்ல முடியாது.

நொந்துகொண்டார் என்கிறாய். நொந்துகொண்டவர் பிறகு என்ன செய்தார் என்பதுதான் என் கேள்வி.

அந்தப் பகுதியை மறுபடி படித்தேன். ஆமாம், உன் பழைய பிரதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பேழைக்குள் யார் யார் போனார்கள் என்று கணக்காகச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு சின்ன விஷயம் வருகிறது. கதவை நோவா சாத்தவில்லை. உன் கடவுளே சாத்தினார். இதைக் கவனித்தாயா? கப்பலைக் கட்டியது மனிதன், விலங்குகளை ஏற்றியது மனிதன். கதவை மட்டும் தன் கையால் சாத்தியிருக்கிறார். வெளியே நிற்பவர்களின் முகம் தெரிந்திருக்கும் அல்லவா?

இதைத் தையல்காரரிடம் சொல். என் பரிசாகச் சொல்.

சண்டைக்கோழி

---

ஜூலை 25

அன்புள்ள தங்கைக்கு,

சமாதானம் உண்டாவதாக. அண்ணிக்கு இருமல் விட்டது. உன் வெந்நீருக்கு நன்றி சொல்லச் சொன்னாள். சின்னவள் இப்போது நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள். காரணம் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

உன் பரிசைக் கொடுத்தேன். தையல்காரர் தொடையில் தட்டிக்கொண்டார்.

"யாரு, அணையில இருக்கிற உங்க தங்கச்சியா? அவங்க என் கட்சி! சொல்லுங்க பாஸ்டர், கதவ எதுக்கு அவரே சாத்தினாரு?"

அடுத்த ஞாயிறு வரைக்கும் தவணை கேட்டேன். "பாஸ்டர் வாய்தா வாங்கிட்டாரு" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். வாரம் முழுக்க யோசித்தேன். அடுத்த ஞாயிறு இப்படிச் சொன்னேன்: "நோவாவால சாத்த முடியாது. அதான். வெளியில நிக்கிறவங்க அவன் தெருக்காரங்க. தட்டினா திறந்துடுவான், எல்லாரும் மூழ்கிடுவாங்க. மனுசன் கையால ஆகாத காரியத்த மனுசன் மேல சுமத்தாம அவரே செஞ்சாரு."

தையல்காரர் கழுத்து நாடாவை விரலில் சுற்றி அவிழ்த்தார். பிறகு, "இது நல்ல தையல் பாஸ்டர். வெளியில பாத்தா தெரியல" என்றார். எழுந்து போகும்போது திரும்பி, "ஆனா துணி கிழிஞ்சது கிழிஞ்சதுதான்" என்றார்.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது, நான் சொன்ன பதிலே எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொன்னது நான்தானா என்று இருந்தது.

உனக்கு ஒரு கோட்டு தைத்துத் தருவாராம். "அணையில நிக்கிறவங்களுக்குப் பை நாலு வேணும். அளவு அனுப்பச் சொல்லுங்க. அளவெடுக்காம நான் கத்தரிய எடுக்க மாட்டேன், உங்க ஆளு மாதிரி இல்ல."

ஜெபத்துடன்,
அண்ணன்

---

செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. எல்லோரும் நலம், வேலைதான் அதிகம். மேல்பகுதியில் மழை தொடங்கிவிட்டது.

உன் பதிலை வைத்துக்கொண்டு பல நாள் நடந்தேன். அழகான பதில். அழகாக இருப்பதுதான் எனக்குத் தொந்தரவு. ஒரு கொடுமைக்கு அழகான காரணம் கிடைத்துவிட்டால் அதோடு நாம் சமாதானமாகிவிடுகிறோம். உள்ளே இருப்பவனுக்குக் கதவைச் சாத்தும் பாரம் மிச்சமாயிற்று, சரி. வெளியே தட்டியவனுக்கு என்ன மிச்சம்? இதைத் தையல்காரரிடமும் கேட்டுச் சொல்.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். இன்று மாலை அணை மேல் நடந்தேன். நீர்மட்டம் அளவுகோலில் ஏறிக்கொண்டிருந்தது. இவ்வளவு தண்ணீருக்குச் சத்தமே இல்லை. சின்ன வாய்க்காலுக்குக்கூட ஒரு குரல் இருக்கிறது, இதற்கு இல்லை. மலையின் நிழலை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறது. நான் இத்தனை வருடம் இதன்மேல் நடந்தும், அந்தக் கைப்பிடிச் சுவரைத் தொடும்போது ஒருமுறை உள்ளே ஏதோ ஒடுங்குகிறது. நீ இதைக் கடவுள் பயம் என்பாய். நான் கன அடி என்கிறேன். இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்கிறோம்.

அளவு அனுப்புகிறேன் என்று சொல். டேப் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் இரும்பு டேப்தான் இருக்கிறது.

உன் தங்கை

---

அக்டோபர் 14

அண்ணா,

போனில் "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றாய். குரல் கேட்டதே போதும் என்று அப்போது இருந்தது. இப்போது போதவில்லை. என்னால் போனில் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

வெள்ளம் வந்த அன்று காலையிலேயே நீர்வரத்து எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது. மட்டம் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் இரண்டு ஷட்டரைத் திறக்க வேண்டும், அதுதான் விதி. மதியம் தொட்டது. சைரன் ஏற்கெனவே ஊதிக்கொண்டிருந்தது. அப்போது கீழிருந்து செய்தி வந்தது, கடைசிக் கம்பத்துப் பக்கம் ஆட்கள் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள் என்று. உங்கள் தெரு.

பெரிய எஞ்சினியர் என்னைப் பார்த்தார். "என்னம்மா, திறக்கலாமா?"

"ஒரு மணி நேரம் கொடுங்க சார்."

"கோட்டுக்கு மேல போகுது."

"அணை தாங்கும் சார். நான் கையெழுத்துப் போடறேன்."

முடிவு உன்னுடையது என்பதுபோல் அவர் தன் நாற்காலியை எனக்குத் தள்ளினார். அந்த ஒரு மணி நேரமும் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றேன். சுவர் துடித்தது அண்ணா. கான்கிரீட் துடிக்காது என்று எனக்குத் தெரியும்.

பிறகு நானே பொத்தானை அழுத்தினேன். வேறு யாரையும் அழுத்தவிடவில்லை. ஆனால் இரண்டு ஷட்டர் போதவில்லை. காத்திருந்த நேரத்தில் சேர்ந்த தண்ணீரையும் சேர்த்து விட வேண்டியிருந்தது. நான்கைத் திறந்தேன். தண்ணீர் வெளியே வந்தபோது அதை நிறம் என்றோ சத்தம் என்றோ சொல்ல முடியவில்லை. கீழே பள்ளத்தாக்கே எழுந்து நின்றது போல இருந்தது. பக்கத்தில் நின்ற ஆபரேட்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

உன் கடவுள் நேரம் கொடுக்கவில்லை என்று திட்டினேன். நான் கொடுத்தேன். கொடுத்த நேரத்தில் தண்ணீர் வளர்ந்தது. காத்திருந்தது சரியா, தப்பா? உடனே இரண்டைத் திறந்திருந்தால் உங்கள் தெருவில் எவ்வளவு ஏறியிருக்கும்? காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். காகிதம் மட்டத்தைச் சொல்கிறது. யார் எந்த மூலையில் நின்றார்கள் என்று சொல்லவில்லை.

ஆலயம் எப்படி இருக்கிறது? தையல்காரர் எப்படி இருக்கிறார்? போனில் கேட்டபோது லைன் போய்விட்டது.

உன் தங்கை

---

அக்டோபர் 29

அன்புள்ள தங்கைக்கு,

சமாதானம். நாங்கள் நலம். அண்ணி சேற்றைக் கழுவிக் கழுவிக் கை தோலுரிந்து போனாள். சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தது, இப்போது சரியாகிவிட்டது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

ஆலயத்தில் கீழ்த்தளம் முழுக்கச் சேறு. பெஞ்சுகளை வெயிலில் காயவைத்திருக்கிறோம். பாடற்குழு நிற்கும் மாடத்தில்தான் பாதித் தெரு அன்று இரவு தங்கியது. பாட்டுப் புத்தகங்கள் போய்விட்டன. மனப்பாடமாகப் பாடுகிறோம், பாதிப் பேர் வரியை மாற்றிப் பாடுகிறார்கள்.

நீ உன்னை வருத்திக்கொள்ளாதே. நன்றாகத் தூங்கு. அது உன் தப்பு இல்லை.

அண்ணன்

---

நவம்பர் 8

அண்ணா,

நலமா என்று கேட்டு எழுத வரவில்லை.

நான் தப்பு என்று எழுதவேயில்லை. சரியா, தப்பா என்றுதான் கேட்டேன். நீயாக "உன் தப்பு இல்லை" என்கிறாய். எது?

உன் கடிதத்தில் சண்டைக்கோழி இல்லை. காக்கை இல்லை. வழக்கமாகப் பாதிக் கடிதம் அவருடையது, இந்த முறை தையல் கடை என்ற வார்த்தைகூட இல்லை.

அண்ணியிடம் போனில் கேட்டேன். "அதக் கடிதத்துல கேட்டுக்கம்மா" என்று வைத்துவிட்டார். அவர் போட்ட சட்டம் கடவுளுக்கு மட்டும்தான். தையல்காரருக்கு இல்லை.

சொல்.

---

டிசம்பர் 12

அன்புள்ள சண்டைக்கோழிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் என் மேசையில் இருந்தது. பதில் எழுதாததற்குக் காரணம், தையல்காரர் என்ன ஆனார் என்று எனக்கே தெரியவில்லை என்பதுதான். அவரை ஆற்றோரம் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்தோம். எங்காவது ஓர் ஆஸ்பத்திரியில் இருப்பார், "பாஸ்டர் வாய்தாவுல வந்தாரு" என்பார் என்று நம்பினேன். போன வியாழக்கிழமை, ஆறு இறங்கிய மணல்மேட்டில் கிடைத்தார். அடக்கம் செய்துவிட்டோம். ஜெபம் செய்யவில்லை. அவருக்குப் பிடிக்காது. தெருவே வந்து நின்றது.

நடந்ததைச் சொல்கிறேன்.

சைரன் கேட்டதும் முதலில் எழுந்தவர் அவர்தான். "இது நம்ம கட்சி ஆளு ஊதுற சைரன், சும்மா ஊத மாட்டாங்க" என்று வீடு வீடாகத் தட்டினார். வயதானவர்களைத் தோளில் தூக்கிவந்து வாசற்படியில் வைத்தார். உள்ளே வாங்கியது நாங்கள். நீ கொடுத்த அந்த ஒரு மணி நேரம் முழுக்க அவர் ஓடிக்கொண்டே இருந்தார். அந்த நேரம் இல்லையென்றால் பாதிப் பேரைக் கொண்டுவந்திருக்க முடியாது. இது உனக்கு ஆறுதலுக்காகச் சொன்னதில்லை, நடந்தது இது. தண்ணீர் எதிர்பார்த்ததைவிட உயரமாக வந்தது. இதுவும் நடந்தது.

மாடத்துக்கு ஏற முடிந்தவர்கள் ஏறிவிட்டார்கள். ஏற முடியாத முதியவர்களுக்குக் கீழே பெஞ்சுகளை அடுக்கி அதன்மேல் படுக்கவைத்திருந்தோம். ஆறு தெருவுக்குள் ஓட்டமாக வந்தது. ஓட்டம் வாசல் வழியாக உள்ளே பாய்ந்தால் பெஞ்சுகள் புரண்டுவிடும். கதவைச் சாத்த வேண்டும்.

சாத்த முடியவில்லை தங்கச்சி. வெளியே திறந்து கொக்கியில் நிற்கும் கதவு. உள்ளே இருந்து இழுக்க ஒரு வளையம் இருந்திருக்க வேண்டும். அது எந்தக் காலத்திலோ விழுந்துவிட்டது. சாத்தாத கதவுக்கு வளையம் எதற்கு என்று ஒருவரும் திருப்பி வைக்கவில்லை. அந்தப் பெருமையை நான் எத்தனை பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறேன்! வெளியே நின்று தள்ளினால்தான் அது சாத்தும் என்பது அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது.

நான் வெளியே இறங்கப் போனேன். அவர் படியில், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

"எங்க வர்றீங்க பாஸ்டர்? அந்த முட்டிய வச்சிக்கிட்டு?"

"நீங்க உள்ள வாங்க. நான் பாத்துக்கறேன்."

"உள்ள வந்தா நீங்க ஜெயிச்சதா ஆயிடும்." சிரித்தார். "நான் தள்ளறேன். நல்லா உக்காந்ததும் தட்டுவேன். தட்டினதும் தாழ்ப்பாளப் போட்ருங்க. நான் பின்பக்க ஏணியில மாடத்துக்கு வந்துடறேன்."

"ஏணிகிட்ட ஓட்டம் அதிகமா இருக்கும்ங்க."

"இங்க இருக்கறத விடவா? சும்மா பேசிட்டு நிக்காதீங்க, இது ஞாயித்துக்கிழம இல்ல."

ஒரு கதவு வந்தது. பிறகு இன்னொன்று. நடுவில் இருந்த வெளிச்சம் குறுகிக் குறுகி ஒரு நூலளவு ஆனது. அந்த நூலில் அவர் கழுத்தில் கிடந்த டேப்பைப் பார்த்தேன். பிறகு அதுவும் இல்லை. தட்டினார். நான் தாழ்ப்பாளைப் போட்டேன்.

மாடத்து ஜன்னலில் இருந்து அண்ணி பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மூலைவரைக்கும் வந்தாராம். அப்போது பக்கத்துக் காம்பவுண்டுச் சுவர் விழுந்தது.

உள்ளே இருந்தவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே விஷயம்தான். கதவு சாத்தும் அந்த வசனத்தை வாழ்நாளெல்லாம் பேழைக்குள் இருந்துகொண்டே வாசித்திருக்கிறேன். நோவாவால் முடியாததால் கடவுள் சாத்தினார் என்று உன்னிடம் பெருமையாக எழுதினேன். சாத்தியவர் எந்தப் பக்கம் நின்றார் என்று நான் கேட்டதே இல்லை. உள்ளே போனவர்களின் கணக்கு முழுக்க அங்கே இருக்கிறது. நோவா, மனைவி, பிள்ளைகள், மருமகள்கள், ஊர்வன, பறப்பன. எத்தனை முறை படித்தாலும் அதில் சாத்தியவர் இல்லை.

இது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். மழையை அனுப்பியது யார் என்று நீ கேட்பாய். கேள். ஆனால் சின்னவள் வரைந்த அந்தக் கைகளுக்கு நடுவே, வெளியே, அவர் நின்றிருந்தால்? இதை நினைக்கும்போது எனக்கு ஜெபம் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.

கடையைச் சுத்தம் செய்தபோது உயர ஆணியில் ஒரு பை நனையாமல் தொங்கியது. உள்ளே கோட்டுக்கு வெட்டிய துண்டுகள், நாலு பைக்கும் சேர்த்து. துண்டுச் சீட்டில் "அணைக்காரம்மா" என்று எழுதியிருந்தது. நீ அளவு அனுப்பவில்லையே. அளவில்லாமல் கத்தரியைத் தொடாதவர். தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

ஞாயிறு மாலைகளில் இப்போது நான் படியில் உட்காருகிறேன்.

அண்ணன்

---

ஜனவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் என்று எழுத முடியவில்லை. இருக்கிறேன். உன் முட்டியோடு படியில் உட்காருகிறாயே, கீழே ஏதாவது விரித்துக்கொள்கிறாயா?

பார்சல் வந்தது. துண்டுகளைத் தோளில் வைத்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. கை மட்டும் கொஞ்சம் நீளம். என் கடிதங்களைக் கேட்டுக் கேட்டு என் கை இன்னும் கொஞ்சம் எட்டும் என்று நினைத்துவிட்டார் போல. துண்டு முழுக்க அவருடைய சாக்பீஸ் கோடுகள் இருக்கின்றன. தைத்தால் அழிந்துவிடும். அதனால் தைக்கவில்லை.

நான்கு ஷட்டரைத் திறந்த கை என்னுடையது. ஒரு மணி நேரம் தாமதித்ததும் நான்தான். அந்த நேரத்தில்தான் அவர் எல்லோரையும் காப்பாற்றினார், அந்த நேரத்தில்தான் அவரைக் கொண்டுபோன தண்ணீரும் சேர்ந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க முயன்றுகொண்டே இருந்தேன். ஒரே நூல் அண்ணா. ஒன்றை உருவினால் மற்றதும் வருகிறது. விசாரணையில் என் முடிவு சரி என்று எழுதிவிட்டார்கள். அதைப் படித்துவிட்டு அணைமேல் போய் நின்றேன். தண்ணீர் பழையபடி மலையின் நிழலை வைத்துக்கொண்டு சும்மா இருந்தது.

நீ எழுதியதைப் பற்றி. ஆம், நான் கேட்கத்தான் செய்கிறேன், மழையை அனுப்பியது யார்? வெளியே நின்றார் என்பதற்காக அனுப்பியவரை என்னால் விடுவிக்க முடியாது. எனக்கு வேறு வழி இருக்கவில்லை. எல்லாம் செய்ய முடிந்தவருக்கு வழியா இல்லை? நான் நம்பவில்லை. நாளைக்கும் நம்ப மாட்டேன். தையல்காரரும் விட்டிருக்க மாட்டார்.

ஆனால் நான் நின்ற இடம் ஒன்று இருக்கிறது. அவ்வளவு உயரத்தில், காய்ந்த செருப்போடு, கண்ணாடிக்குப் பின்னால் நின்று பொத்தானை அழுத்தினேன். இத்தனை வருடமும் உன் கடவுளை நான் அங்கேதான் வைத்திருந்தேன், என் நாற்காலியில். அங்கே இருப்பவரோடு என் சண்டை அப்படியே இருக்கிறது. நீ சொல்கிற இடத்தில், இடுப்பளவு தண்ணீரில், கதவு நன்றாக உட்கார்ந்துவிட்டதா என்று பார்த்துத் தட்டிவிட்டுத் திரும்பிய ஒருவரோடு எனக்குச் சண்டை இல்லை. அவருக்கு என்ன பெயர் வைப்பது என்றும் தெரியவில்லை. அந்த ஆபரேட்டர் தொப்பியைக் கழற்றியது ஏன் என்று இப்போது கொஞ்சம் தெரிகிறது.

சின்னவளின் படம் இன்னும் மேசைக்கு மேலே இருக்கிறது. நேற்றுதான் கவனித்தேன். கைகள் எல்லாம் விரிந்திருக்கின்றன. ஒன்று மட்டும் பேழையின் கதவில் பட்டுக்கொண்டு இருக்கிறது. அது தட்டுகிறது என்றே இத்தனை மாதம் நினைத்திருந்தேன். தள்ளுவது போலவும் இருக்கிறது. அவளிடம் கேட்காதே. நானும் கேட்க மாட்டேன்.

வரும் ஞாயிறு வருகிறேன். வெட்டிய துணியையும் எடுத்துவருகிறேன், அவர் கடை வாசலில் ஒருமுறை வைத்துவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே வரமாட்டேன், உனக்குத் தெரியும். நீயும் வெளியேதானே இருக்கிறாய். படியில் எனக்கு இடம் விடு. அவர் உட்காரும் பக்கம் வேண்டாம், இந்தப் பக்கம்.

கதவைத் திறந்து வை. கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று, வெளியே நின்று, ஒருமுறை பார்த்துக்கொள்.

உன்
சண்டைக்கோழி